அடுத்த வண்டியில் வருவதாகச் சொன்னீர்கள்

மாமா,

பக்கத்து வீட்டுக்கு ஒரு குழந்தை வந்திருக்கிறாள். நான்கு வயது. வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது, இன்னும் காலிலிருந்து செருப்பைக் கழற்றவில்லை. நீல ரப்பர் செருப்பு. கட்டைவிரல் பதிந்த இடம் தேய்ந்து வெளுத்திருக்கிறது. சாப்பிடும்போதும் அது காலில் இருக்கிறது, சோபாவில் படுத்துத் தூங்கும்போதும் இருக்கிறது. யாராவது கழற்றப் போனால் காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாளாம். போன செவ்வாய்க்கிழமை குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கப் போனபோது அவர்கள் வாசல் கதவு திறந்திருந்தது. படியில் அந்தச் செருப்புக் கால்கள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, தெருவைப் பார்த்து இருந்தன. நான் தொட்டியின் பிடியை விடாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

குழந்தையின் அம்மா பெயர் மாலி. தாய்லாந்துக்காரி. இங்கே அமெரிக்காவில், எங்கள் டப்ளினில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறாள். அவளுடைய ஊர் அவர்கள் நாட்டின் வடகிழக்கில், நெல் வயல்களுக்கு நடுவில். பெண்ணுக்கு ஒரு வயது நிறைவதற்குள் தன் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள், இப்போதுதான் அழைத்து வந்திருக்கிறாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவளுடைய இங்கிலீஷ் துண்டு துண்டாக வரும். அவள் சொல்வதை நான் என் தமிழில்தான் எழுத முடியும்.

"எங்க ஊர்ல நடு வயசு ஆளே இருக்க மாட்டாங்க" என்று ஒருநாள் சொன்னாள். "வயசானவங்க இருப்பாங்க, கொழந்தைங்க இருப்பாங்க. நடுவுல இருக்கிற நாங்க எல்லாரும் பாங்காக்ல, இல்லன்னா கொரியாவுல, இல்லன்னா இங்க."

மழை பெய்ததைச் சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள். எனக்கு அது புதிதாக இல்லை. உங்கள் பேத்தி தியா பிறந்த காலத்தில் நாங்கள் இருந்த அபார்ட்மென்ட்டில் மாடிக்கு ஒரு வீட்டிலாவது ஒரு காலித் தொட்டில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். "குழந்தை எங்க?" என்று யாரும் அதிர்ந்து கேட்க மாட்டார்கள். "இந்தியால விட்டிருக்கோம்" என்பதும் "கார் சர்வீஸுக்கு விட்டிருக்கோம்" என்பதும் எங்கள் வாயில் ஒரே தொனியில்தான் வரும்.

ஞாயிறு மதியம் மாலி வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையில் துணியோடு என்னைப் பார்த்தாள்.

"ரெஸ்டாரன்ட்ல கூட வேலை செய்யறவ சொல்றா, எங்கப்பாவோட வீடியோ கால கொஞ்ச நாள் நிறுத்திடுன்னு. அவர் மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்தா இவ எங்கிட்ட வர மாட்டாளாம். உன் பொண்ணும் தாத்தாகிட்டதானே வளந்தா? நீ என்ன பண்ணின?"

"நிறுத்தினேன்" என்றேன்.

"எத்தன நாள்ல மறந்தா?"

"சீக்கிரமே மறந்துட்டா. சின்னப் புள்ளதானே."

அவள் முகம் லேசானது. "அப்ப நாளைக்குச் சாயங்காலம் கூப்பிடறப்ப எங்கப்பாகிட்ட சொல்லிர்றேன்" என்று சொல்லிவிட்டு, மிச்சத் துணியைச் சீக்கிரம் சீக்கிரமாகப் போட்டாள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தியபின்தான் என் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கே உறைத்தது. பதின்மூன்று வருடங்களுக்கு முன் உங்களிடம் சொன்ன அதே பொய், மாமா. சொல்கூட மாறவில்லை.

எட்டு மாதக் குழந்தையை உங்களிடம் கொண்டுவந்து விட்டபோது எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. டேகேரில் அவளுக்கு மாறி மாறிக் காது வலி. எனக்குப் புது வேலை. எனக்கு அம்மா இல்லை. உங்களுக்கும் அத்தைக்கும் விசா கேட்டோம், மறுத்துவிட்டார்கள். அத்தைக்குப் பள்ளிக்கூடத்தில் ஓய்வுபெற இன்னும் நாலு வருடம் இருந்தது. ஆக, கோபியில் அந்த வீட்டில் பகல் முழுக்கக் குழந்தையோடு இருக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். முப்பது வருடம் சத்தி வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அதுவரை ஒரு குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்க வைத்தது கிடையாது.

"செந்திலு பொறந்தப்ப நான் வண்டில இருந்தேன். நடந்தப்பவும் வண்டிலதான்" என்றீர்கள், அவளை இரண்டு கையிலும் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு. "மொத ட்ரிப்புக்குப் போறப்பவும் தூங்குவான், கடைசி ட்ரிப் முடிச்சு வர்றப்பவும் தூங்குவான். புள்ளைங்க தூங்கியே வளந்துரும்னு நெனச்சுட்டனுங் அம்மிணி."

"அதுக்குத்தான் இப்ப அந்தாண்டவன் தண்டன குடுக்கறான்" என்றார் அத்தை, விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவிலிருந்து.

"தண்டனையா இது?" என்று குழந்தையின் வயிற்றில் முகத்தை வைத்து ஊதினீர்கள். அவள் கத்திச் சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து, அவள் உங்கள் தோளில் இருக்கும்போதே நான் கிளம்பினேன். எட்டு மாதக் குழந்தைக்கு டாட்டா காட்டத் தெரியாது. நீங்கள் அவள் கையைப் பிடித்து ஆட்டினீர்கள்.

ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்றுதான் சொன்னேன். விசா முத்திரைக்கு இந்தியா வந்து மாட்டிக்கொண்டவர்கள் கதையை அலுவலகத்தில் தினம் ஒன்று கேட்டேன். ஆறு மாதம் ஒரு வருடமானது, பிறகு இரண்டு. சனிக்கிழமை மாலைகளில் லேப்டாப்பில் உங்கள் நெற்றியும் மேலே சுற்றும் மின்விசிறியும் தெரியும். "கீழ இறக்குங்க மாமா" என்று நாங்கள் கத்துவோம். இறக்கினால் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகத் தெரியும். முதல் நாற்காலியில் தியா, கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு டிரைவர். நீங்கள் தோளில் பையும் வாயில் விசிலுமாகப் பின்னால் நிற்பீர்கள்.

"எங்கீங் போகோணும்? சத்தியா, பவானியா? உள்ள போங்க, உள்ள போங்க, எடமிருக்குது. ஹோல்டான்!"

"ஓல்தான்!" என்பாள் அவள்.

"அம்மிணி ஏறலாமான்னு கேளு தங்கம்" என்று திரையில் என்னைக் காட்டுவீர்கள்.

"அம்மிணி, ஏறுங்க!" என்பாள். நீங்கள் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, என் பெயர் அம்மிணி என்றே அவள் எடுத்துக்கொண்டாள். தன் அப்பாவுக்குச் செந்திலு. தாத்தாவான நீங்கள்தான் அப்பாரு. நாங்கள் நால்வரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்போது அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

அவளை அழைத்துப்போக நான் வந்தபோது அவளுக்கு மூன்று வயது ஆக இரண்டு மாதம் இருந்தது. நான் வந்து நாலாம் நாள் காலை. நீங்கள் அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் தட்டை வாங்கிக்கொண்டேன். அவள் அழவில்லை. ஒரு வாய் மரியாதையாக வாங்கிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"நீங்க எப்பங் ஊருக்குப் போறீங்?"

நீங்கள் உடனே சிரித்துவிட்டீர்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனீர்கள். அன்றைக்கெல்லாம் நீங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. எனக்கு இடம் விட்டுத் தருகிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. அவள் அன்று முழுக்க வாசலில் நின்று உங்களைக் கூப்பிட்டாள். அதற்கு நான் உங்கள்மேல் கோபப்பட்டேன். எதற்கு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் நான்தான் அதைச் சொன்னேன். "அவ அழாம வரணும்னா நீங்க ஏதாவது சொல்லி அனுப்பி வைக்கணும் மாமா. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

"என்னன்னுங் சொல்றது?"

"பின்னாடி வர்றேன்னு சொல்லுங்க."

"பொய் சொல்லோணுங்களா?"

"குழந்தைகிட்டதானே மாமா. ரெண்டு நாள்ல மறந்துருவா."

மறுநாள் கோவை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு முன்னால், டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று நிறுத்திய இடத்தில், அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தீர்கள்.

"இந்த வண்டில எடமில்லையாம் தங்கம். நீ அம்மிணியோட முன்னால போ. அப்பாரு அடுத்த வண்டில வந்தர்றேன்."

"அடுத்த வண்டியா?"

"அடுத்த வண்டி."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. வண்டி நிறைந்துவிட்டால் சிலர் அடுத்த வண்டியில்தான் வர வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த விதி. நீங்களே சொல்லிக்கொடுத்தது. நீங்கள் விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதினீர்கள். வாசலில் நின்ற காவலர் திரும்பிப் பார்த்தார். "போலாம் ரைட்!" என்றீர்கள். அவள் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து உள்ளே வந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நம் யோசனை பலித்துவிட்டது என்று நான் நினைத்தேன். நம் யோசனை என்று. திரும்பிப் பார்த்தபோது நீங்கள் இன்னும் குனிந்தபடியே இருந்தீர்கள்.

அப்போது எங்கள் அபார்ட்மென்ட் இரண்டாவது மாடியில். ஹால் ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். இந்த ஊரில் பஸ்ஸில் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் அந்த வீட்டில் நாலு வருடம் இருந்தும் கீழே ஒரு நிறுத்தம் இருப்பதைக் கவனித்ததில்லை. அவள் வந்த இரண்டாம் நாள் கவனித்தாள்.

சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலடியில் போட்டு ஏறி நின்றாள். அரை மணிக்கு ஒரு வண்டி. பிரேக் சத்தம் கேட்டதும் எந்த அறையில் இருந்தாலும் ஓடுவாள். கதவு திறக்கும், யாரோ ஒருவர் இறங்குவார், பல நேரம் யாருமே இறங்க மாட்டார்கள். வண்டி போனதும் திரும்பி, எனக்குத் தகவல் சொல்வதுபோலச் சொல்வாள்: "இதுல இல்லீங் அம்மிணி. எடமில்லையாட்டிருக்குது. அடுத்த வண்டி."

அழுதிருந்தால் நான் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அழும் குழந்தைக்கு என்ன செய்வது என்று படித்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை, மாமா. நீங்கள் சொன்ன சொல்லை நம்பி நின்றாள்.

சனிக்கிழமை உங்களோடு பேசுவாள். "அப்பாரு, எங்கீங் வந்துட்டிருக்கீங்?" என்பாள். நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். நான் தலையை ஆட்டுவேன். "வந்துட்டே இருக்கறேன் தங்கம்" என்பீர்கள். அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் நாற்காலியை விட்டு இறங்க மாட்டாள். சாப்பாட்டையும் அங்கேதான் கொடுக்க வேண்டும். கீழ்வீட்டு வித்யாதான் சொன்னாள். அவளும் பையனை இரண்டு வருடம் சேலத்தில் விட்டு வைத்திருந்தவள்.

"வீடியோ கால ஸ்டாப் பண்ணிருங்க. ஒரு மூணு மாசம். ஒவ்வொரு தடவ அவர் மூஞ்சியப் பாக்கறப்பவும் புண்ணு திரும்பத் தொறக்குது. அது ஆறினாத்தான் உங்ககிட்ட வருவா. எங்க பையனுக்கு அப்படித்தான் பண்ணினோம். இப்பப் பாருங்க, எங்க மாமியார யாருன்னு கேக்கறான்." அதை ஒரு வெற்றியாகத்தான் சொன்னாள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

உங்களைக் கூப்பிட்டு, மூன்று மாதம் வீடியோ வேண்டாம் என்றேன். செந்தில் பேசுவதாகச் சொன்னதை மறுத்து நானே பேசினேன். உங்களுக்குப் பின்னால் ஏதோ ஹாரன் கேட்டது.

"செரிங் அம்மிணி. உங்களுக்குத் தெரியாததுங்களா." அப்புறம் மெதுவாகக் கேட்டீர்கள்: "நான் பேசலீங். அவ வெளயாடறப்ப போன அப்பிடிப் பக்கத்துல வெச்சீங்கன்னா, நான் சும்மா கேட்டுக்கறனுங்களா?"

"வேண்டாங்க மாமா. உங்க மூச்சுச் சத்தம் கேட்டாலே கண்டுபிடிச்சுருவா."

"அதுஞ் செரிதான்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது. அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பெருமை. பாவி நான், அதையும் விட்டுவைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து நீங்கள் கூப்பிட்டீர்கள். என் எண்ணுக்கு, ஆடியோவில். நான் சமையலறையில் இருந்தேன். அவள் ஹாலில் நாற்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய முதுகு எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணுமில்லீங். அவ ஏதாச்சும்... வண்டியப் பத்தி ஏதாச்சும் கேக்கறாளுங்களா?"

இல்லை என்றேன். "மறந்துட்டாங்க மாமா. நல்லா வெளையாடறா."

"மறந்துட்டாளுங்களா."

"ஆமாங்க மாமா."

"செரி, செரி. சின்னப் புள்ளதானே." நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். "அங்க மழைங்களா?"

வெயில் என்றேன். வைத்துவிட்டீர்கள்.

உங்கள் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியை இப்போதாவது சொல்கிறேன். அவள் காத்திருப்பதை நீங்கள் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அது உங்களுக்குச் சேர வேண்டியது. அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் பெற்ற பெண் என்னை அம்மிணி என்று கூப்பிட்டுக்கொண்டு, வேறொருவருக்காக ஜன்னலில் நிற்கிறாள். அந்த வேறொருவரிடம் போய், உங்களுக்காக நிற்கிறாள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

மறந்துட்டா என்ற அந்த ஒரு வார்த்தையை நீங்கள் எவ்வளவு தூரம் சுமந்தீர்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூன்று மாதம் முடிந்து வீடியோவில் உங்களைக் காட்டினோம். அவள் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "கூச்சப்படறா. விடுங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு விசா கிடைக்கும்போல இருந்தபோதெல்லாம் செந்தில் கூப்பிட்டான். நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னீர்கள்: "எதுக்குங்? மறுக்காப் பழகி, மறுக்கா அழுகோணுங்களா? அது பாட்டுக்கு நல்லா இருக்குது."

அவளுக்கு ஏழு வயதில் கோபிக்கு வந்தோம். காரிலிருந்து இறங்கியதும் நீங்கள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "வாங்க கண்ணு. பிரயாணமெல்லாம் நல்லா இருந்ததுங்களா?" என்று அவளிடம் கேட்டீர்கள். ஒரு விருந்தாளியைக் கேட்பதுபோல. அவள் "குட்" என்றாள். அந்த 'வாங்க'வைக் கேட்டபோதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டில் இடமும் நேரமும் இருந்தன. பத்து நாள் இருந்தோம்.

போன வருடம் உங்கள் காரியத்துக்கு வந்தபோது அத்தை என்னிடம் சொன்னார். அவர் என்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. நினைவு வந்ததைச் சொன்னார். "உன்ற மாமனுக்குப் பேத்தி மேல எத்தன பெருமை தெரியுமா? 'எம் பேத்தி கெட்டிக்காரி, மூணே வாரத்துல என்னைய மறந்துட்டா. எத்தன கொழந்தைக ஏங்கி ஏங்கிக் காச்சல்ல படுத்துக்குது, இவ ஒரு நா அழுகலை'ன்னு பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. சொல்லிட்டு வந்து சாப்புடாமப் படுத்துக்குவாரு."

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அத்தைக்கு எதற்கு இனி என்று நினைத்தேன். இப்படி நான் ஒவ்வொருவருக்காகவும் மறைத்தது எல்லாம் கடைசியில் எனக்காகத்தான்.

திங்கட்கிழமை காலை மாலியின் கதவைத் தட்டினேன். அவள் கீரை போன்ற ஏதோ ஒன்றை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழந்தை செருப்போடு தரையில் உட்கார்ந்து அதற்கு உதவிக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் பொய் சொன்னேன்" என்றேன். "என் பொண்ணு மறக்கல. பதினோரு வாரம் ஜன்னல்ல நின்னா. தினமும். தாத்தா வர்றார்னு."

மாலியின் கை நின்றுவிட்டது. "நீ நிறுத்தினதுக்கு அப்புறமுமா?"

"நிறுத்தினதுக்கு அப்புறம்தான் ரொம்ப. முன்னாடியாவது அவர் மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தா."

அவள் தன் குழந்தையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், நான் எதிர்பார்க்காததை. "அந்தத் தாத்தாவுக்குத் தெரியுமா? அவ அப்படி நின்னான்னு?"

"தெரியாது. அவ வண்டியப் பத்திக் கேக்கறாளான்னு கேட்டார். மறந்துட்டான்னு சொல்லிட்டேன்."

"ஐயோ" என்ற பொருளில் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். "இப்பவாவது சொல்லலாமே?"

"அவர் இல்ல. போன வருஷம்."

மாலி தப்பு என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. ஒரு பிடி கீரையை எடுத்து என் முன்னால் தள்ளினாள். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வயதானவரின் குரல் கேட்டது. கரகரப்பாக, சிரித்துச் சிரித்து, புரியாத மொழியில். அங்கே அப்போது காலை. குழந்தை எதையோ வேகவேகமாகச் சொன்னாள். நடுவே அவள் அழவும் செய்தாள். மாலி வைக்கவில்லை. அரை மணிக்கு மேல் அந்தக் குரல் கேட்டது. நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல், முழுவதையும் கேட்டேன். உங்களுக்குத் தராததை நான் எடுத்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது தியாவிடம் சொன்னேன். பதினாறு வயது. டிரைவிங் பெர்மிட் எடுத்திருக்கிறாள். பிரேக்கைக் கொஞ்சம் வேகமாகத்தான் போடுகிறாள். நாற்காலி, ஜன்னல், கீழே நின்ற வண்டி, எல்லாவற்றையும் சொன்னேன். முள்கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐ டோன்ட் ரிமெம்பர் எனிதிங், மா" என்றாள். "நாட் ஈவன் த விண்டோ."

"தெரியும்டி."

"ஸோ ஹி நெவர் கேம்?"

"இல்ல."

"ஹி டிட்ன்ட் வான்ட் டு?"

"நான் வரவிடாமப் பண்ணிட்டேன்" என்றேன். அவள் என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திய சத்தம் மெதுவாகத்தான் இருந்தது. அறைந்திருக்கலாம்.

இரண்டு பேரிடமும் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது, மாமா. இத்தனை வருடமும் நான் சுமப்பது நான் சொன்ன பொய்யை அல்ல. பொய்க்கு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ள முடிகிறது. இதற்கு முடியவில்லை.

பதினோராவது வாரம், ஒரு வியாழக்கிழமை. அவள் தரையில் உட்கார்ந்து கிரேயானால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கீழே பிரேக் சத்தம் கேட்டது. அவள் தலையைத் தூக்கவில்லை. கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கதவு திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், வண்டி கிளம்புகிற சத்தம். நிறம் மாற்றிக்கொண்டு வரைந்தாள். அரை மணி கழித்து அடுத்த வண்டி வந்தது. அதற்கும் எழவில்லை. மூன்றாவது வண்டிக்கு நான் சமையலறை வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். கிரேயான் ஒரு நொடி நின்றது. பிறகு நகர்ந்தது.

நான் போய் ஜன்னலடியில் இருந்த நாற்காலியை எடுத்து மேசையோடு சேர்த்துப் போட்டேன். அவள் பார்த்தாள். செந்திலுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு அவ போகல, ஒரு தடவகூடப் போகல" என்றேன். குரல் நடுங்கியது. சந்தோஷத்தில், மாமா. அலமாரியைத் திறந்து ரவையை எடுத்தேன். நெய்யில் முந்திரி வறுத்தேன். நீங்கள் வர மாட்டீர்கள் என்று உங்கள் பேத்தி தெரிந்துகொண்ட நாளில் நான் வீட்டில் கேசரி கிண்டினேன். அவளுக்கு ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.